பழைய பைக் என்ஜினைப் பிரித்துக் கட்டும்போது உள் இடைவெளிகளை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிரித்த பிறகு எதற்கு ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும்?

பழைய என்ஜின் ஒன்றைத் திறக்கும்போது, அதற்கு முன்னால் எத்தனை பேர் அதைத் திறந்தார்கள் என்று நமக்குத் தெரியாது. ஏற்கெனவே ஒருமுறை ரீபோர் ஆகியிருக்கலாம், அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கியிருக்கலாம். வேறு மாடலின் பிஸ்டன் உட்கார்ந்திருக்கலாம். கியர் ஷாஃப்டில் ஒரு வாஷர் விடுபட்டிருக்கலாம். ஓடியது என்பதை வைத்து இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அசையும் இரண்டு பாகங்களுக்கு நடுவே விடப்படும் இடைவெளி இரண்டு காரணங்களுக்காக இருக்கிறது. ஒன்று, ஆயில் படலம் அங்கே நிற்க வேண்டும். இன்னொன்று, சூடேறும்போது உலோகம் விரிய இடம் வேண்டும். இடைவெளி குறைந்தால் பாகங்கள் பிடித்துக்கொள்ளும். கூடினால் தட்டும் சத்தம் வரும், ஆயில் அழுத்தம் இறங்கும், புகை வரும். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மி.மீ. வரை இருக்கும். என்ஜினுக்குள் நல்ல பொருத்தத்துக்கும் கெட்ட பொருத்தத்துக்கும் உள்ள தூரம் பல இடங்களில் அதைவிடக் குறைவு. இதைக் கண்ணாலோ விரலாலோ முடிவு செய்ய வழியே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுதான் முதல் காரணம். அளந்த பிறகுதான் எந்தப் பாகம் வாங்க வேண்டும் என்பதே தெரியும். பிஸ்டன், ரிங் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் போரை (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையை) அளப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்தப் பிஸ்டன் அந்தப் போருக்குப் பொருந்தாமல் போகவே வாய்ப்பு அதிகம்.

என்னென்ன கருவிகள் வேண்டும்? வெர்னியர் போதாதா?

போதாது. சாதாரண வெர்னியர் 0.02 மி.மீ. வரைதான் காட்டும். கை அழுத்தம் மாறினால் அதுவும் மாறும். பிஸ்டனுக்கும் போருக்கும் இடையே மொத்தமே 0.03 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் அதை நம்ப முடியாது. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு), கிளட்ச் பிளேட், ஸ்பிரிங் நீளம் போன்றவற்றுக்கு வெர்னியர் சரி.

அடிப்படையாக வேண்டியவை: உங்கள் பிஸ்டன் அளவுக்கு ஏற்ற மைக்ரோமீட்டர் (பெரும்பாலும் 50–75 மி.மீ. அல்லது 25–50 மி.மீ.), வால்வு தண்டுக்கும் பிஸ்டன் பின்னுக்கும் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் உருளை) 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர் ஒன்று, ஃபீலர் கேஜ் (இடைவெளிக்குள் விட்டுப் பார்க்கும் அளவிட்ட தகடுகள்) ஒரு கட்டு, காந்த ஸ்டாண்டுடன் டயல் கேஜ் (சிறு அசைவை முள்ளால் காட்டும் கருவி), போர் கேஜ் (துளையின் உள்விட்டத்தை அளக்கும் கருவி), நேரான ஸ்டீல் பட்டை. எல்லாவற்றையும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. போரையும் கிராங்கையும் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) நல்ல கருவி வைத்திருக்கும் லேத் பட்டறையில் அளந்து வாங்கலாம். ஆனால் அளக்கும்போது பக்கத்தில் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். “நல்லா இருக்கு” என்ற பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

அளக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் கழுவ வேண்டும். கார்பன் படிவும் பழைய ஆயிலும் அளவைப் பொய்யாக்கும். முக்கியமாக, தேய்ந்த பேரிங்கில் கெட்டி ஆயில் தேங்கி நின்றால் ஆட்டமே இல்லாததுபோல் தோன்றும். மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்திய பிறகு அதே பேரிங் கையில் தட்டும்.

அடுத்தது வெப்பநிலை. சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுகள் சுமார் 20 டிகிரி செல்சியஸில் பார்க்க வேண்டியவை. அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.023 மி.மீ. விரியும். வார்ப்பிரும்பு அதில் பாதியளவு விரியும். 50 மி.மீ. பிஸ்டன் ஒன்று 10 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் சுமார் 0.01 மி.மீ. பெரிதாகத் தெரியும். வெயிலில் வைத்த பிஸ்டனையும் நிழலில் இருந்த சிலிண்டரையும் அளந்து கழித்தால் வருவது இடைவெளி ஆகாது. பாகங்களையும் கருவியையும் ஒரே அறையில் சில மணி நேரம் வைத்துவிட்டு அளப்பது நல்லது. பிஸ்டனை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள்.

மேனுவலில் ‘ஸ்டாண்டர்டு’, ‘சர்வீஸ் லிமிட்’ என்று இரண்டு எண்கள் இருக்கின்றனவே, எதைப் பார்ப்பது?

ஸ்டாண்டர்டு என்பது புது என்ஜின் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது இருந்த அளவு. சர்வீஸ் லிமிட் என்பது அதற்கு மேல் ஓட்டக் கூடாது என்ற எல்லை. ஒரு பாகம் லிமிட்டுக்கு 0.01 மி.மீ. உள்ளே இருக்கிறது என்றால், சட்டப்படி அது பாஸ். ஆனால் என்ஜினை முழுதாகப் பிரித்துக் கையில் வைத்திருக்கும்போது அதை அப்படியே திரும்பப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னும் கொஞ்சம் தூரம் ஓடியதும் அது எல்லையைத் தாண்டும், மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். பிரிக்கச் சிரமமான இடத்தில் இருக்கும் பாகம் என்றால் லிமிட்டுக்குப் பாதி வழியில் இருக்கும்போதே மாற்றிவிடுவேன். வெளியிலிருந்தே கழற்றக்கூடியது என்றால் லிமிட் வரை விடலாம்.

கீழே நான் சொல்லும் எண்கள் பொதுவாகக் காணப்படும் வரம்புகள்தான். உங்கள் மாடலின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு.

சிலிண்டர் போரை எங்கெங்கே அளக்க வேண்டும்?

மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களில். ஒவ்வோர் உயரத்திலும் இரண்டு திசைகளில்: பிஸ்டன் பின் இருக்கும் திசையில் ஒன்று, அதற்குக் குறுக்காக ஒன்று. ஆக மொத்தம் ஆறு எண்கள்.

போர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. மேல் ரிங் உச்சியில் நின்று திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் தேய்மானம் அதிகம். எரியும் வாயு ரிங்கைப் பின்னாலிருந்து சுவரில் அழுத்துவது அங்கேதான், சூடு அதிகம் இருப்பதும் அங்கேதான். ரிங் வேகம் குறைந்து நின்று திரும்புவதால் ஆயில் படலமும் அங்கே மெலிந்துவிடும். பின்னுக்குக் குறுக்கான திசையில் பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்துவதால் வட்டம் மெதுவாக முட்டை வடிவமாகும். ரிங் தொடாத அடிப்பகுதி மட்டும் கிட்டத்தட்டப் பழைய அளவிலேயே இருக்கும். அதனால் அந்த அடிப்பகுதியை அளந்தால் போர் ஸ்டாண்டர்டா, ஏற்கெனவே 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸுக்கு (கூடுதல் விட்டத்துக்கு) ரீபோர் ஆனதா என்பது தெரிந்துவிடும்.

போர் கேஜை உள்ளே விட்டு முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். முள் ஒரு புள்ளிவரை போய்த் திரும்பும். அந்தத் திரும்பும் புள்ளியில் காட்டும் மிகச் சிறிய அளவுதான் உண்மையான விட்டம்.

ஓர் உதாரணம். மேலே பின்னுக்குக் குறுக்காக 50.07, பிஸ்டன் பின் திசையில் 50.05, கீழே 50.01 என்று வந்தது என்று வையுங்கள். முட்டை வடிவம் 0.02, மேலுக்கும் கீழுக்கும் உள்ள விட்ட வித்தியாசம், அதாவது டேப்பர், 0.06. பிஸ்டன் 49.96 என்றால் அதிகபட்ச இடைவெளி 0.11 மி.மீ. சிறிய ஏர்கூல்டு என்ஜின்கள் பலவற்றில் புதிதாக இருக்கும்போது இது 0.01 முதல் 0.04 வரை இருக்கும், லிமிட் 0.10 என்று கொடுத்திருப்பார்கள். இந்தச் சிலிண்டர் ரீபோருக்குப் போக வேண்டியதுதான்.

போர் கேஜ் இல்லை. டேப்பரைக் கண்டுபிடிக்க வேறு வழி உண்டா?

உண்டு. ஒரு ரிங்கை போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அடிப்பகுதியில் அதன் முனை இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். அப்புறம் அதே ரிங்கை மேலே தேய்ந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தின் வித்தியாசம் கிடைக்கும். மேலே சொன்ன உதாரணத்தில் டேப்பர் 0.06. அப்படியென்றால் ரிங் இடைவெளி மேலே சுமார் 0.19 மி.மீ. கூடுதலாக இருக்கும், அதை ஃபீலர் கேஜிலேயே தெளிவாகப் பார்க்கலாம். முட்டை வடிவத்தை இந்த வழியில் பிடிக்க முடியாது. ஆனாலும் சிலிண்டரைப் பட்டறைக்குத் தூக்கிப் போக வேண்டுமா என்று முடிவு செய்ய இது போதும்.

பிஸ்டனை எந்த இடத்தில் அளப்பது?

பாவாடையின் (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பிஸ்டன் உடலின்) அடிப்பகுதியில், பிஸ்டன் பின்னுக்குச் செங்குத்தான திசையில். விளிம்பிலிருந்து எத்தனை மி.மீ. மேலே என்பதை மேனுவல் சொல்லும். பல என்ஜின்களில் அது 10 மி.மீ. அளவில் இருக்கும். பிஸ்டன் முழு வட்டமும் இல்லை, நேர் உருளையும் இல்லை. பின் இருக்கும் பக்கத்தில் உலோகம் தடிமன், தலைப்பக்கத்தில் சூடு அதிகம். சூட்டில் விரிந்த பிறகு சரியான வடிவத்துக்கு வரட்டும் என்று தலையைச் சிறியதாகவும் உடலைச் சற்று முட்டை வடிவமாகவும் செய்கிறார்கள். தலையை அளந்துவிட்டு “பிஸ்டன் ரொம்பத் தேய்ந்துவிட்டது” என்று சொல்வது இதனால்தான் தவறு.

பிஸ்டனையும் ஃபீலர் கேஜையும் ஒன்றாகப் போருக்குள் விட்டுப் பார்த்தால் போதாதா?

அவசரத்துக்கு ஒரு தோராயம் கிடைக்கும். ஃபீலர் தகடு தட்டையானது, போர் வளைந்தது. அது தேய்ந்த குழிவைத் தாண்டிப் பாலம்போல் நின்றுவிடும். இரண்டையும் தனித்தனியாக அளந்து கழிப்பதுதான் நம்பகமான வழி.

புது ரிங் மட்டும் போட்டால் புகை நின்றுவிடுமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. போர் வட்டமாகவும் டேப்பர் லிமிட்டுக்குள்ளும் இருந்தால், ஆம், ஹோனிங் போட்டு (போர்ச் சுவரைக் கல்லால் லேசாகத் தேய்த்து) புது ரிங் போடலாம். போர் முட்டை வடிவமாகிவிட்டால் புது ரிங் முழுச் சுற்றும் சுவரைத் தொடாது. டேப்பர் அதிகமென்றால் ரிங் ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் களைத்துவிடும். சில நூறு கிலோமீட்டரில் புகை திரும்ப வரும்.

அப்புறம், புகை எப்போதும் ரிங்கிலிருந்துதான் வருகிறது என்றும் இல்லை. நீண்ட நேரம் ஆக்சிலரேட்டரை மூடி இறக்கத்தில் இறங்கிவிட்டு மீண்டும் திருகும்போது குப்பென்று வரும் நீலப்புகை பெரும்பாலும் வால்வு கைடு (வால்வு தண்டு ஓடும் குழாய்) அல்லது வால்வு சீலின் வேலை. அதை அளக்காமல் ரிங்கை மட்டும் மாற்றினால் செலவு வீண்.

ஒரு எச்சரிக்கை: அலுமினியச் சிலிண்டரில் நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு இருந்தால் அதைச் சாதாரண ஹோனிங் கல்லால் தேய்க்காதீர்கள், ரீபோருக்கும் கொடுக்காதீர்கள். பூச்சு போய்விட்டால் சிலிண்டரை மாற்ற வேண்டும் அல்லது மறுபடி பூச்சுப் போட வேண்டும்.

ரிங் முனை இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும்?

மேனுவல் கையில் இல்லாவிட்டால், மேல் ரிங்குக்குப் போர் விட்டத்தின் 0.3 முதல் 0.4 சதவீதம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 50 மி.மீ. போருக்கு 0.15 முதல் 0.20 மி.மீ. வரும். காரணத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். 50 மி.மீ. ரிங்கின் சுற்றளவு 157 மி.மீ. சிலிண்டர் சுவரைவிட ரிங் 100 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் அந்தச் சுற்றளவு சுமார் 0.17 மி.மீ. நீளும். இடைவெளி 0.10 மட்டும் விட்டிருந்தால் இரண்டு முனைகளும் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் நீள இடமில்லாமல் ரிங் சுவரைக் கீறும், சில சமயம் உடையும். இடைவெளி சற்றுக் கூடினால் கொஞ்சம் கம்ப்ரெஷன் கசியும், அவ்வளவுதான். அதனால் சந்தேகம் வந்தால் கூடுதல் பக்கம் நில்லுங்கள்.

தேய்ந்த போரில் புது ரிங்கைப் பார்க்கும்போது, ரிங் ஓடும் பாதையின் அடிப்பகுதியில், அதாவது போர் மிகக் குறுகலாக இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். நான் தொழில் பழகிய நாட்களில் ஒரு சிலிண்டரில் மேல்பக்கம் வைத்துப் பார்த்து 0.20 இருக்கிறது என்று திருப்திப்பட்டுக் கட்டிவிட்டேன். சில நாளில் சத்தத்தோடு திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் போரின் கீழ்ப்பாதியில் கோடு விழுந்திருந்தது. அந்த ரிங்கை அடியில் வைத்துப் பார்த்தபோது இடைவெளி 0.03தான். அன்றிலிருந்து அடியில் பார்க்காமல் ஒரு ரிங்கும் போட்டதில்லை.

இடைவெளி குறைவாக இருந்தால் ரிங்கை அரத்தால் தேய்க்கலாமா?

தேய்க்கலாம். ஒரு முனையை மட்டும் தேய்த்தால் மறுமுனை நேராக இருக்கும், ஒப்பிட வசதி. அரத்தை ரிங்கின் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி ஒரே திசையில் தள்ளுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் வெளிமுகத்தில் உள்ள குரோம் பூச்சு செதிளாகப் பெயரும். இரண்டு மூன்று தள்ளுக்கு ஒருமுறை போரில் வைத்துப் பாருங்கள். கடைசியில் பிசிறை எண்ணெய்க் கல்லில் லேசாக எடுத்துவிடுங்கள்.

ரிங் பள்ளத்தையும் அளக்க வேண்டுமா?

ஆம். பள்ளத்தில் கார்பனை எடுத்துவிட்டு, ரிங்கைப் போட்டு, ரிங்கின் மேல்பக்கத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜை விடுங்கள். பொதுவாக 0.02 முதல் 0.06 வரை இருக்கும். 0.10–0.12 தாண்டினால் புது ரிங் போட்டும் பயனில்லை, பள்ளமே அகன்றுவிட்டது, பிஸ்டனை மாற்ற வேண்டும். மேல் பள்ளம்தான் முதலில் போகும்.

கனெக்டிங் ராட் பக்கவாட்டில் ஆடுகிறது. பிக் எண்ட் (ராடின் கிராங்க் பக்க முனை) போய்விட்டதா?

பக்கவாட்டு ஆட்டம் வேண்டியதுதான். அது இல்லாவிட்டால் ரோலர் பேரிங்குக்குள் ஆயில் நுழையாது. ராடுக்கும் கிராங்க் தட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். பல சிங்கிள் சிலிண்டர் என்ஜின்களில் 0.10 முதல் 0.40 வரை இருக்கும், லிமிட் 0.5–0.6 அளவில் இருக்கும். சில டூ-ஸ்ட்ரோக்குகளில் ராடைப் பிஸ்டன் பக்கத்தில்தான் நடுவில் நிறுத்துவார்கள், அவற்றில் கீழே இன்னும் அதிகம் இருக்கும்.

கவலைப்பட வேண்டியது மேலும் கீழுமான ஆட்டத்தைப் பற்றித்தான். பேரிங்கைக் கழுவி உலர்த்திவிட்டு, கிராங்க் பின்னை உச்சியில் நிறுத்தி, ராடை நேராக மேலே இழுத்துக் கீழே அழுத்துங்கள். கையில் “டக்” என்று ஒரு சின்னத் தட்டல் உணர்ந்தால் பேரிங் போய்விட்டது. டயல் கேஜ் வைத்தால் எண்ணாகவே பார்க்கலாம். 0.05 மி.மீ. என்பது பல மேனுவல்களில் உள்ள எல்லை. இழுக்கும்போது ராடைச் சாய்க்காதீர்கள். பக்கவாட்டு ஆட்டத்தைத் தட்டலாக எண்ணி நல்ல கிராங்கைப் பிரிக்கச் சொன்னவர்கள் உண்டு.

ராடை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியும் பாருங்கள். ஓரிடத்தில் சொரசொரப்பு தெரிந்தால், அளவு சரியாக இருந்தாலும் அதை நான் திரும்பப் போடமாட்டேன்.

ஸ்மால் எண்ட் (ராடின் பிஸ்டன் பக்க முனை), பிஸ்டன் பின் இரண்டையும் எப்படிப் பார்ப்பது?

பின்னை அதன் நடுவிலும் இரு ஓரங்களிலும் மைக்ரோமீட்டரில் அளந்தால் ராட் உட்காரும் இடத்தில் தேய்மானம் தெரியும். புதிதில் 0.01–0.02 இடைவெளி, 0.05 தாண்டினால் மாற்றம். ஆயில் தடவிய பின் ராடுக்குள் விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. சர்க்ளிப் (பின் நழுவாமல் நிறுத்தும் வளையம்) எப்போதும் புதிது.

கிராங்க் ரன்-அவுட் என்கிறார்களே, அது என்ன?

சிங்கிள் சிலிண்டர் என்ஜின்களில் கிராங்க் பெரும்பாலும் இரண்டு பாதிகளைக் கிராங்க் பின்னில் அழுத்திச் சேர்த்தது. அந்த இரண்டு பாதிகளும் ஒரே நேர்க்கோட்டில் சுற்றுகின்றனவா என்பதுதான் கேள்வி. கிராங்கை வி-பிளாக்கில் பேரிங்குகளின் மேல் உட்காரவைத்து, இரண்டு ஷாஃப்ட் முனைகளிலும் டயல் கேஜ் வைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். முள்ளின் மொத்த ஓட்டம் 0.03 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. 0.05 முதல் 0.10 வரை லிமிட் கொடுத்திருப்பார்கள். முள் 0.06 ஓடினால் ஷாஃப்ட் மையத்திலிருந்து விலகியிருப்பது அதில் பாதி, 0.03.

இது கெடுவது பல சமயம் ஓட்டத்தால் இல்லை. கேஸை (கிராங்கைச் சுற்றியுள்ள என்ஜின் கூட்டை) பிரிக்கும்போது கிராங்க் முனையில் சுத்தியால் அடிப்பதால்தான். ஒரே அடியில் பாதிகள் பின்னைச் சுற்றி விலகிவிடும். அதன் பிறகு என்ன புதுப் பாகம் போட்டாலும் என்ஜின் அதிரும், மெயின் பேரிங்குகள் சீக்கிரம் போகும். புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் கேஸைப் பிரிக்காதீர்கள் என்று இங்கே கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஷெல் பேரிங் (இரண்டு அரைவட்டத் தகடுகளாக வரும் பேரிங்) உள்ள மல்டி சிலிண்டர் என்ஜினில் எப்படி அளப்பது?

பிளாஸ்டிகேஜ் என்னும் மெல்லிய மெழுகுபோன்ற இழை இதற்கென்றே இருக்கிறது. ஜர்னலிலும் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பகுதி) ஷெல்லிலும் ஆயிலைத் துடைத்துவிட்டு, இழையை ஜர்னலின் நீளவாக்கில், ஆயில் துளையைத் தவிர்த்து வையுங்கள். கேப்பைப் போட்டு மேனுவல் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முடுக்கிப் பின் கழற்றுங்கள். நசுங்கிய இழையின் அகலத்தை உறையிலுள்ள அளவுகோலோடு ஒப்பிட வேண்டும். இழை எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறதோ அவ்வளவு குறைவு இடைவெளி. நடுவில் கிராங்கைத் துளியும் சுற்றக் கூடாது, சுற்றினால் இழை வழித்துவிடும். ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுக்கமாகவும் நசுங்கியிருந்தால் ஜர்னல் டேப்பர் ஆகியிருக்கிறது. பொதுவான அளவு 0.02 முதல் 0.05. ஷெல்களை வண்ணக் குறியீட்டின்படி தேர்ந்தெடுக்கும் என்ஜின்களில் பழைய ஷெல் என்ன நிறமோ அதையே வாங்கினால் போதும் என்று நினைக்காமல், கேஸிலும் கிராங்கிலும் உள்ள குறியைப் பார்த்து வாங்குங்கள். முன்பு போட்டவர் தவறான நிறத்தைப் போட்டிருக்கலாம்.

வால்வு கைடு தேய்மானத்தை எப்படிப் பார்ப்பது?

வால்வைச் சீட்டிலிருந்து சுமார் 10 மி.மீ. உயர்த்தி, தலையில் டயல் கேஜ் வைத்து இரண்டு திசைகளில் அசைத்துப் பார்க்கலாம். இன்னும் சரியாக வேண்டுமென்றால் தண்டை மேல், நடு, கீழ் என்று மைக்ரோமீட்டரிலும், கைடு துளையைச் சிறிய ஹோல் கேஜிலும் அளந்து கழியுங்கள். இன்டேக்கைவிட எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாவதால் அதற்கு இடைவெளியும் சற்று அதிகம்: புதிதில் இன்டேக் 0.01–0.04, எக்ஸாஸ்ட் 0.03–0.05 என்ற அளவில் இருக்கும்.

கைடு மாற்றினால் சீட்டையும் மறுபடி வெட்டியாக வேண்டும். புதுக் கைடின் மையமும் பழைய சீட்டின் மையமும் அப்படியே ஒன்றின்மேல் ஒன்று விழாது.

டேப்பட்டை (வால்வு தண்டு முனையில் விடும் இடைவெளியை) எப்போது செட் செய்வது?

என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரெஷன் உச்சியில், இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில். வால்வு கிரைண்டிங் செய்த பிறகு இடைவெளி குறையும், இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. சீட் தேயும்போது வால்வு ஹெட்டுக்குள் அமிழ்கிறது, தண்டின் முனை மறுபக்கம் அந்த அளவுக்கு வெளியே வருகிறது. ஸ்க்ரூ இருந்தால் திருகிச் சரிசெய்யலாம். ஷிம் வகையென்றால் மெல்லிய ஷிம் தேட வேண்டும்.

கூடுதல் இடைவெளி சத்தம் போட்டு உங்களைக் கூப்பிடும். குறைந்த இடைவெளி சத்தமே போடாது. வால்வு தன் சூட்டைச் சீட்டின் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேற்றுகிறது, முழுதாக மூடாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோகும். “டேப்பட் சத்தமே வரக் கூடாது” என்று வண்டிக்காரர் கேட்டாலும் மேனுவல் அளவுக்குக் கீழே போகாதீர்கள்.

ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) நுனியில் குழி விழுந்திருந்தால் ஃபீலர் தகடு அந்தக் குழியைத் தாண்டி நிற்கும், உண்மையான இடைவெளி நீங்கள் பார்ப்பதைவிட அதிகம். ராக்கரை மாற்றிவிட்டுத்தான் செட் செய்ய வேண்டும்.

ஆயில் பம்ப் வெளியிலிருந்து நன்றாகத் தெரிகிறது. திறக்க வேண்டுமா?

திறந்தே ஆக வேண்டும். உள் ரோட்டரும் வெளி ரோட்டரும் முனையோடு முனை நிற்கும் இடத்தில் ஃபீலர் விடுங்கள், சுமார் 0.15 இருக்கலாம், 0.20 தாண்டக் கூடாது. வெளி ரோட்டருக்கும் பாடிக்கும் நடுவே பாருங்கள். கடைசியாக, பாடி முகத்தில் ஸ்டீல் பட்டையை வைத்து ரோட்டரின் மேல்முக இடைவெளியைப் பாருங்கள், இது 0.10 அளவைத் தாண்டினால் அழுத்தம் அங்கேயே கசிந்துவிடும். மூடியின் உள்பக்கத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் கோடுகள் இருந்தால் அளக்கவே வேண்டாம், பம்பை மாற்றுங்கள்.

ஹெட் ஃபேஸிங் (ஹெட்டின் அடிமுகத்தைக் கடைந்து சமப்படுத்துவது) செய்தேன். பிஸ்டன் வால்வில் இடிக்குமா?

இடிக்கலாம், பார்த்துவிடுங்கள். பிஸ்டன் தலையில் வால்வு வரும் இடங்களில் களிமண் அல்லது பிளாஸ்டிசின் வைத்து, மேலே துளி ஆயில் தடவி, பழைய நசுங்கிய கேஸ்கெட்டோடு ஹெட்டை டார்க்கில் முடுக்கி, டைமிங் செயின் போட்டு, டேப்பட்டைச் செட் செய்து, கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். தட்டுப்பட்டால் அழுத்தாமல் நிறுத்துங்கள். பிரித்துக் களிமண்ணை வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளங்கள். இன்டேக்கில் 1.5 மி.மீ., எக்ஸாஸ்டில் 2 மி.மீ. இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

டூ-ஸ்ட்ரோக்கில் பார்க்க வேண்டியது ஸ்குவிஷ், அதாவது பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. சால்டர் கம்பியை ஸ்பார்க் பிளக் துளை வழியே சுவர்வரை விட்டு, கிராங்கை உச்சி தாண்டிச் சுற்றி, நசுங்கிய நுனியை அளக்க வேண்டும். கம்பி பிஸ்டன் பின்னின் திசையில் இருக்கட்டும். குறுக்காக வைத்தால் பிஸ்டன் சாய்ந்து கூடுதலாகக் காட்டும். சிறிய என்ஜின்களில் ஏறத்தாழ 1 மி.மீ. எதிர்பார்க்கலாம்.

கியர்பாக்ஸில் அளக்க என்ன இருக்கிறது?

ஷாஃப்ட்களின் நீளவாக்கு ஆட்டம். வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். கேஸ் பாதிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது கேஸ்கெட்டையும் போட்டுத்தான் பார்க்க வேண்டும், அதன் தடிமனும் இந்த ஆட்டத்தில் சேரும். கேஸை முடுக்கியதும் ஷாஃப்ட் இறுகினால் வாஷர் தவறிய இடத்தில் இருக்கிறது.

ரீபோர் செய்து வந்த சிலிண்டரையும் திரும்ப அளக்க வேண்டுமா?

கட்டாயம். பழைய போரை அளந்து ஓவர்சைஸை முடிவு செய்த பிறகு, ரீபோருக்கு முன்பே பிஸ்டனை வாங்கி, அதைக் கையில் கொடுத்து, அதற்குத் தகுந்தபடி போரை முடிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் 0.50 என்று அச்சிட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் சின்ன வித்தியாசம் உண்டு. மெஷினிலிருந்து இறக்கிய சிலிண்டர் சூடாக இருக்கும், ஆறிய பிறகு அளந்து வாங்குங்கள்.

அப்புறம் சோப்பும் வெந்நீரும் வைத்து போரைக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெயில் மட்டும் கழுவினால் ஹோனிங் துகள்கள் கோடுகளுக்குள் தங்கிவிடும். வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை கழுவுங்கள், நின்றதும் உடனே ஆயில் தடவிவிடுங்கள். இல்லாவிட்டால் சற்று நேரத்திலேயே துரு ஏறும்.

எல்லாம் கட்டியாயிற்று. ஸ்டார்ட் செய்யலாமா?

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கையால் கிராங்கைப் பல சுற்றுச் சுற்றுங்கள். எங்கும் திடீரென்று இறுகக் கூடாது. இறுகினால் காரணம் தெரியும்வரை கிக்கரைத் தொடாதீர்கள். பிறகு பிளக் இல்லாமலேயே கிக் அடித்து, ஆயில் ஹெட்வரை ஏறி வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு ஸ்டார்ட் செய்து, ஒருமுறை நன்றாகச் சூடாகவிட்டு, இரவு முழுதும் ஆறவிட்டு, மறுநாள் காலையில் டேப்பட்டை இன்னொரு முறை அளந்து பாருங்கள். புது கேஸ்கெட் அமர்ந்து, வால்வுகள் சீட்டில் பதிந்திருக்கும், எண் சற்று மாறியிருக்கும். அந்த எண்ணையும் முன்பு எழுதியவற்றுக்குக் கீழே தேதியுடன் எழுதி வையுங்கள்.